கிரேட் ஓஷன் ரோடு: மெல்பர்னிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தென்கரையில், டோர்கியிலிருந்து வார்ணம்பூலுக்குச் சற்று முன்னுள்ள அலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர் நீளும் சாலை இது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3000 படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்தும் கொண்டு மலைச்சரிவைக் குடைந்து போட்டது. போரில் திரும்பாத தோழர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச்சின்னமும் இதுதான். 2011-ல் நாட்டின் தேசிய மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது.

ஒரே நாளில் போய் வரலாம். ஆனால் பலருக்கு அந்த நாள் கெட்டுப்போவது ஒரே காரணத்தால்தான்: காலையில் டோர்கி, லார்ன் பக்கம் ஆற அமர நேரத்தைக் கரைத்துவிட்டு, கடலில் தனித்தூண்களாக நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் (ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ்) பாறைகளுக்கு வெளிச்சம் போன பிறகு சேர்வார்கள். பிறகு அதே வளைவுச் சாலையில் இருட்டில் திரும்புவார்கள். கடலோரமாகப் போய், உள்நாட்டு நெடுஞ்சாலையில் திரும்புங்கள். எந்த இடத்தை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கீழே உள்ளதெல்லாம் இந்த இரண்டையும் ஒட்டியதுதான்.

கணக்கு

மெல்பர்ன் நகரமையத்திலிருந்து டோர்கி சுமார் 100 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். டோர்கி – லார்ன் 47 கி.மீ., 50 நிமிடம். லார்ன் – அப்பல்லோ பே 45 கி.மீ.தான், ஆனால் முழுதாக ஒரு மணி நேரம் பிடிக்கும். அப்பல்லோ பேயிலிருந்து அப்போஸ்தலர் பாறைகள் சுமார் 85 கி.மீ., ஒரு மணி 20 நிமிடம். அங்கிருந்து போர்ட் கேம்பல் 12 கி.மீ. திரும்பும் உள்நாட்டுப் பாதை ஏறக்குறைய 230 கி.மீ., மூன்று மணி நேரம். மொத்தம் 520 கி.மீ. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் நேரம் மட்டும் எட்டு மணி நேரத்தை நெருங்கும். இறங்கிப் பார்க்கவும் சாப்பிடவும் ஆறு, ஏழு மணி நேரம் சேர்த்தால் 14 மணி நேரத்தைத் தாண்டும் நாள். ஓட்டத் தெரிந்தவர்கள் இருவராவது வண்டியில் இருப்பது நல்லது. ஒருவர்தான் என்றால் அப்பல்லோ பேயில் ஓர் இரவு தங்குவதே புத்திசாலித்தனம்.

கோடையில் (டிசம்பர், ஜனவரி) இரவு எட்டரை மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. ஜூன், ஜூலையில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். அப்போது கீழே சொல்லும் நேரங்களை அரை மணி முன்னுக்குத் தள்ளி, ஓர் இடத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் திசையில் போவது

ஆஸ்திரேலியாவில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும். கிழக்கிலிருந்து மேற்காகப் போகும்போது கடல் உங்கள் இடக்கைப் பக்கம் வரும். கரையோரப் பார்வைமுனைகளில் எதிர்வண்டிகளைக் குறுக்கிடாமல் அப்படியே ஓரங்கட்டி நிறுத்தலாம், அதே போல் சேர்ந்துகொள்ளலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு இந்தத் திசைதான் சரி.

எதிர்த்திசைக்கும் ஒரு நியாயம் உண்டு. விடிகாலையில் உள்நாட்டுப் பாதையில் நேரே போய் ஒன்பதரை மணிக்குள் அப்போஸ்தலர் பாறைகளை அடைந்தால், சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வதற்கு முன் நிம்மதியாகப் பார்த்துவிடலாம். குளிர்காலத்து விடுமுறை நாள்களில் இது கைகொடுக்கும். விலை என்னவென்றால், கடலோர வளைவுகள் முழுவதும் களைத்துப்போன மாலை நேரத்தில் வரும், நிறுத்த நினைத்த இடத்திலெல்லாம் வலப்பக்கம் குறுக்கே திரும்ப வேண்டும்.

கிளம்பும் முன்

வரைபடச் செயலியில் வெறுமனே ‘ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ்’ என்று போட்டால் அது கோலாக் வழியாக உள்நாட்டுச் சாலையில்தான் கொண்டுபோகும், ஏனென்றால் அதுதான் நேரம் குறைவு. மூன்று மணி நேரம் மாட்டுப் பண்ணைகளைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்த பிறகுதான் கடற்கரைச் சாலையையே தவறவிட்டது தெரியும். டோர்கி, லார்ன், அப்பல்லோ பே, லேவர்ஸ் ஹில் என நான்கையும் இடைநிறுத்தங்களாகச் சேருங்கள். சாலைப் பலகைகளில் பி100 என்ற எண்ணைப் பின்தொடர்ந்தால் போதும். வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். லார்னைத் தாண்டியதும் சிக்னல் வந்து வந்து போகும், ஓட்வே காட்டுக்குள் பல இடங்களில் அறவே இருக்காது.

சாலை திறந்திருக்கிறதா என்று அன்று காலையே விக்டோரியாவின் போக்குவரத்துத் துறைத் தளத்தில் பாருங்கள். லார்னுக்கும் அப்பல்லோ பேக்கும் இடையே மலைச்சரிவு மணற்பாறையும் களிப்பாறையும் அடுக்கடுக்காக ஆனது. மழை ஊறினால் சரியும். வலை போர்த்திய பாறைமுகங்களை வழி நெடுகப் பார்ப்பீர்கள். சரிவுக்குப் பிறகு ஒருவழியாக்கித் தற்காலிக சிக்னல் வைத்திருப்பார்கள், அல்லது முற்றிலும் மூடியிருப்பார்கள். மே மாதத்தில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்துக்காகவும் அந்தப் பகுதியைச் சில மணி நேரம் அடைப்பார்கள்.

கோடையில் அவசர எச்சரிக்கைகளைத் தரும் ‘விக்எமர்ஜென்ஸி’ செயலி கட்டாயம். 2015 கிறிஸ்துமஸ் அன்று வை ரிவர், செப்பரேஷன் கிரீக் ஊர்களில் காட்டுத்தீ 116 வீடுகளை எரித்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் காடு, நடுவில் ஒரே ஒரு சாலை. தீ அபாயம் உச்சத்தில் என்று அறிவித்த நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுவது கோழைத்தனம் அல்ல.

பெட்ரோலை மெல்பர்னிலேயே முழுத் தொட்டி நிரப்புங்கள். அப்பல்லோ பேயில் அரைத் தொட்டிக்குக் கீழே இருந்தால் அங்கேயே மறுபடி போடுங்கள், காட்டுக்குள் நம்பி நுழைய வேண்டாம். நகரின் கிழக்கு, வடக்குப் பகுதிகளிலிருந்து சிட்டிலிங்க் வழியாக வந்தால் சுங்கக் கட்டணம் உண்டு, அதைக் காசாகக் கட்ட முடியாது. வாடகை வண்டியில் அதை எப்படி வசூலிப்பார்கள் என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். கூடவே, மண்சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லுமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் செல்லாது.

உடை: உள்ளே பருத்தி, மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், ஜனவரியிலும் சரி. தென்மாகடலிலிருந்து அடிக்கும் காற்று பாறை முனையில் குடையைத் திருப்பிப் போட்டுவிடும், ஆகவே குடை வேண்டாம். வழியில் உணவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் சைவம் என்றால் தேர்வு குறைவு. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போவது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய வழி. தயிர்ச்சோற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள், வெயிலில் நிற்கும் வண்டி அடுப்புதான்.

வளைவில் தலைசுற்றுகிறவர்கள் மாத்திரையைக் கிளம்பும்போது போடாமல், டோர்கியில் போட்டுக்கொண்டால் லார்ன் வளைவுகளுக்குச் சரியாக வேலை செய்யும். ஓட்டுகிறவர் போடக்கூடாது, தூக்கம் வரும்.

ஓட்டும் விதம்

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இடப்பக்கம் ஓட்டுவது கைவந்த பழக்கம். கனடா, அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள்தான் பார்வைமுனையிலிருந்து கிளம்பும் அந்த முதல் பத்து விநாடியில் தவறான பக்கம் ஏறிவிடுகிறார்கள். இதற்காகவே சாலையில் அம்புக்குறிகள் வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் ‘இடப்பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றினாலும் பலன் தரும்.

ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். வேகக் கேமராக்கள் ஜிலாங் போகும் நெடுஞ்சாலையில் நிறைய, சற்றே கூடினாலும் அபராதச் சீட்டு வரும். கடலோரப் பகுதியில் பலகை 80 என்று சொன்னாலும் சராசரி 45, 50-தான் வரும். வளைவுக்கு முன்னுள்ள மஞ்சள் பலகையின் எண்ணை மதித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போட்டால் வண்டி நடுக்கோட்டை நோக்கித் தள்ளும், எதிரே பேருந்து வரும். இறக்கத்தில் கியரைக் குறைத்து விடுங்கள்.

பின்னால் இரண்டு மூன்று வண்டிகள் சேர்ந்துவிட்டால், மெதுவண்டி ஒதுங்கிடத்தில் ஒதுங்கி விடுங்கள். உள்ளூர்க்காரருக்கு இது வேலைக்குப் போகும் சாலை. உங்களை முந்த முடியாமல் எரிச்சலில் வளைவில் ஏறுகிறவர் உங்களுக்கும்தான் ஆபத்து.

முதல் பகுதி: டோர்கி முதல் லார்ன் வரை

காலை 6.30-க்குக் கிளம்பினால் 7.45-க்கு டோர்கி. ஜிலாங் நகருக்குள் போகாமல் ரிங் ரோட்டில் சுற்றி வாருங்கள். டோர்கியில் காப்பி, கழிப்பறை, 20 நிமிடம். பெல்ஸ் பீச் இங்கிருந்து சிறிய விலகல். ஈஸ்டர் காலத்தில் அலைச்சறுக்குப் போட்டி 1962 முதல் நடக்கும் கரை. அலைச்சறுக்கில் ஆர்வம் இல்லாதவர்கள் தயங்காமல் விட்டுவிடலாம்.

ஆங்கிள்சீயின் கால்ஃப் மைதானத்தில் கங்காருகள் மேயும். ஏரிஸ் இன்லெட்டில் வெள்ளைக் கோபுரமும் சிவப்புத் தொப்பியுமாக நிற்கும் ஸ்பிளிட் பாயின்ட் கலங்கரை விளக்கம் 1891-ல் கட்டியது, 34 மீட்டர் உயரம். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

அடுத்து ஈஸ்டர்ன் வியூவில் சாலைக்குக் குறுக்கே நிற்கும் மர நினைவு வளைவு. எல்லோரும் இங்கே நடுச்சாலையில் நின்று படம் எடுக்கப் பார்ப்பார்கள். அது ஓடும் நெடுஞ்சாலை. வண்டியை நிறுத்துமிடத்தில் விட்டு, ஓரத்தில் நின்று எடுத்தாலும் வளைவு முழுதாக விழும். பக்கத்தில் சாலை போட்ட வீரர்களின் வெண்கலச் சிலை இருக்கிறது, அதைக் கவனிக்காமல் போகிறவர்களே அதிகம்.

லார்னை 9.30 வாக்கில் அடைந்து, 10 மணிக்கு விட்டுவிட வேண்டும். இங்கிருந்து 10 கி.மீ. உள்ளே எர்ஸ்கின் அருவி, 30 மீட்டர் வீழ்ச்சி. அழகுதான், ஆனால் போய், படியிறங்கி, ஏறி, திரும்ப ஒரு மணி நேரம் கரைந்துவிடும். ஒருநாள் பயணத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் மாலையில் இருட்டாக வந்து நிற்கும். விடுங்கள்.

லார்ன் முதல் அப்பல்லோ பே வரை: இந்தப் பயணத்தின் உயிர்

சொல்லப்போனால் அப்போஸ்தலர் பாறைகளைவிட இந்த 45 கி.மீ.தான் இச்சாலையின் பெருமை. இங்கே சாலை மலையின் விலாவில் ஒட்டிக்கொண்டு ஓடும். இடக்கையில் தடுப்புக் கம்பி, அதற்குக் கீழே அலை. ஒவ்வொரு சிற்றாறும் கடலில் சேரும் இடத்தில் சாலை உள்வாங்கி, ஒரு பாலத்தில் இறங்கி, மறுபடி முனைக்கு ஏறும். இந்தத் தாளம் பிடிபட்டுவிட்டால் ஓட்டுவது சுகம்.

மவுண்ட் டிஃபையன்ஸ் பார்வைமுனையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சாலை மலையில் எப்படிச் செதுக்கப்பட்டது என்பது அங்கிருந்துதான் புரியும்.

கென்னட் ரிவரில் அரை மணி நேரம். கிரே ரிவர் ரோடு என்னும் மண்சாலை ஊரிலிருந்து காட்டுக்குள் ஏறுகிறது. வண்டியைக் கீழே விட்டுவிட்டு நடந்தே போங்கள், வாடகை வண்டிக் காப்பீட்டுப் பிரச்சினையும் இல்லை. தைல மரங்களின் கிளைக் கவட்டில் சாம்பல் நிறப் பந்து போல ஒட்டியிருப்பதுதான் கோலா. நாளில் பெரும்பகுதி தூங்கும், அசைவைத் தேடாதீர்கள், உருவத்தைத் தேடுங்கள். சாலையில் நாலு பேர் அண்ணாந்து நின்றால் அங்கே ஒன்று இருக்கிறது என்று பொருள். கிளிகள் தோளில் வந்து உட்காரும். தீனி போட வேண்டாம், நம் ரொட்டியும் கடை விதையும் அவற்றுக்கு நோய் தரும்.

கேப் பேட்டன் முனையிலிருந்து அப்பல்லோ பேயின் வளைகுடா முழுவதும் தெரியும். 12 மணிக்குள் அப்பல்லோ பேயில் இருக்க வேண்டும். இங்கே மீன்பிடித் துறைமுகம் உண்டு, பேக்கரியில் ஸ்காலப் சிப்பி அடைத்துச் சுட்ட ‘பை’ (pie) பலகாரம் பிரபலம். கட்டுச்சோறு கொண்டுவந்தவர்கள் கரையோரப் புல்வெளியில் சாப்பிடலாம், கடற்காகங்கள் தட்டோடு பறிக்கும், கவனம். 12.40-க்குக் கிளம்புங்கள். அப்பல்லோ பேயை விட்டுக் கிளம்பும்போதே ஒன்றரை மணி ஆகிவிட்டால், அடுத்து வரும் காட்டு நடையை விட்டுவிடுவதா என்று யோசிக்கத் தொடங்குங்கள்.

காடு

இங்கேதான் பலர் குழம்புவார்கள். ‘ஓஷன் ரோடு’ என்று பெயர் வைத்துவிட்டுக் கடலைக் காணோமே! அப்பல்லோ பேயைத் தாண்டியதும் சாலை ஓட்வே மலைக்குள் ஏறிவிடும். கிளெனேர், காஸில் கோவ் பக்கம் சிறிது நேரம் கடல் எட்டிப்பார்க்கும், அதன் பிறகு பிரின்ஸ்டவுன் வரை காடும் மேய்ச்சல் நிலமும்தான். வழி தவறவில்லை, தொடர்ந்து போங்கள். இது கடுபனுட் தொல்குடி மக்களின் நிலம்.

அப்பல்லோ பேயிலிருந்து 17 கி.மீ.-ல் மேட்ஸ் ரெஸ்ட். 800 மீட்டர் சுற்றுநடை, அரை மணி நேரம் போதும். ஆள் உயரத்தைத் தாண்டிய மரப்பெரணிகள், பாசி போர்த்திய மிர்ட்டில் பீச் மரங்கள், நடுப்பகலிலும் மங்கலான பச்சை வெளிச்சம். கடற்கரையின் காற்றும் இரைச்சலும் சட்டென்று அடங்கி, சொட்டும் நீரின் ஓசை மட்டும் கேட்கும். நேரமே இல்லை என்றாலன்றி இதை விடாதீர்கள். பலகைப் பாதை ஈரத்தில் வழுக்கும், செருப்பைவிட ஷூ நல்லது. பாதையை விட்டு இறங்க வேண்டாம். மரவேர்கள் மேலாகவே ஓடுகின்றன, கோடையில் பாம்பும் உண்டு.

ஓட்வே முனைக் கலங்கரை விளக்கம் 1848 முதல் நிற்கிறது, ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. ஆனால் பிரதான சாலையிலிருந்து 12 கி.மீ. உள்ளே, நுழைவுக் கட்டணம் வேறு. போய்வர ஒன்றரை மணி நேரம். இரண்டு நாள் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லேவர்ஸ் ஹில் மேட்டில் வெயில் நாளிலும் மூடுபனி இறங்கும். முகப்பு விளக்கைத் தாழ்ஒளியில் போடுங்கள், உயர்ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கும். மரம் ஏற்றிய லாரிகளும் இந்தப் பகுதியில் ஓடும்.

சுண்ணாம்புக் கரை

பிரின்ஸ்டவுனைத் தாண்டியதும் நிலமே மாறிவிடும். மலை முடிந்து தட்டையான புதர்வெளி, அது திடீரென்று அறுந்து விழுந்தாற்போல் செங்குத்துச் சுவர். கிழக்கே கண்டது கெட்டி மணற்பாறை, இது கடலடியில் படிந்த மென்மையான சுண்ணாம்புப் பாறை. அலை முதலில் குகை தோண்டும், குகை இருபுறமும் திறந்து வளைவாகும், வளைவின் கூரை விழுந்தால் தனித்தூண் நிற்கும், ஒரு நாள் தூணும் விழும். இந்த நான்கு கட்டத்தையும் இருபது கிலோமீட்டருக்குள் நேரில் பார்க்கலாம்.

மதியம் மூன்று வாக்கில் கிப்சன் ஸ்டெப்ஸ். 86 படி இறங்கினால் மணற்கரை. மேலிருந்து சிறிதாகத் தெரியும் கோக், மேகாக் என்ற இரு தூண்கள் கீழிருந்து பார்த்தால் கோபுரம். கடல் பொங்கினாலோ பாறை உதிர்ந்தாலோ படியை மூடிவிடுவார்கள், சங்கிலி போட்டிருந்தால் தாண்ட வேண்டாம். இங்கே வண்டி நிறுத்த இடம் குறைவு. நிரம்பியிருந்தால் பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்து வரலாம்.

அந்த மையம் சாலையின் வலப்பக்கம். அங்கிருந்து சாலைக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதை வழியாக அப்போஸ்தலர் பார்வைத்தளத்துக்கு நடக்க வேண்டும். பெயர்தான் பன்னிரண்டு, பன்னிரண்டு தூண்கள் இருந்ததே இல்லை. முன்பு இதற்குப் ‘பன்றியும் குட்டிகளும்’ என்று பெயர், சுற்றுலாவுக்காகப் பிற்பாடு அப்போஸ்தலர் ஆக்கினார்கள். 2005 ஜூலை 3 அன்று சுமார் 50 மீட்டர் உயரத் தூண் ஒன்று நொறுங்கி விழுந்தது.

படம் எடுப்பவர்களுக்கு: மாலையில் மேற்குப் பக்கத் தூண்கள் வெயிலுக்கு எதிரே கறுப்பு நிழலாக வரும். அதே நேரம் திரும்பி கிழக்கே பார்த்தால் கோக், மேகாக் பொன்னிறத்தில் எரியும். பெரும்பாலோர் ஒரே பக்கம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ட்ரோன் பறக்கவிட தேசியப் பூங்காவில் அனுமதி வேண்டும். வேலியைத் தாண்டி விளிம்புக்குப் போகாதீர்கள்: காலடியில் கெட்டியாகத் தெரியும் பாறை அடியில் குடையப்பட்டு வெறும் கூரையாக நிற்கும்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் லாக் ஆர்டு கணவாய். நேரம் நெருக்கினால் அப்போஸ்தலர் தளத்தில் சுருக்கிக்கொண்டாவது இங்கே முக்கால் மணி நேரம் கொடுங்கள். 1878 ஜூன் 1 அன்று, இங்கிலாந்திலிருந்து 54 பேருடன் மெல்பர்னுக்கு வந்துகொண்டிருந்த லாக் ஆர்டு கப்பல் இதற்கு எதிரிலுள்ள மட்டன்பேர்டு தீவில் மோதி மூழ்கியது. பிழைத்தவர்கள் இருவர், டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமியும் ஈவா கார்மைக்கேல் என்ற பெண்ணும். இருவருமே இருபதைத் தொடாதவர்கள். கரையில் கிடந்த டாம் மறுபடி நீரில் இறங்கி ஈவாவை இழுத்துவந்தார். இரு சுவர்களுக்கு நடுவே அந்தச் சின்ன மணல்திட்டில் இறங்கி நின்று, குறுகிய வாய் வழியே அலை நுழைவதைப் பார்த்தால் கதை சொல்ல ஆள் வேண்டாம். அந்தக் கப்பலில் வந்த பீங்கான் மயில் ஒன்று உடையாமல் கரை ஒதுங்கியது. இன்று வார்ணம்பூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெளிச்சம் மிச்சமிருந்தால் போர்ட் கேம்பலைத் தாண்டி லண்டன் ஆர்ச். ‘லண்டன் பிரிட்ஜ்’ என்றிருந்த இரட்டை வளைவில் கரையோடு சேர்ந்த பகுதி 1990 ஜனவரி 15 அன்று விழுந்தது. அந்நேரம் கடல்பக்கத் துண்டில் நின்றிருந்த இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். வெளிச்சம் இல்லையென்றால் போர்ட் கேம்பலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையில் எங்கும் குளிக்க இறங்காதீர்கள். இழுப்பு நீரோட்டம் நீச்சல்காரரையும் கொண்டுபோகும். நீந்த ஆசை என்றால் லார்ன் போன்ற ஊர்களில் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே, காவலர் இருக்கும் நேரத்தில் மட்டும்.

திரும்பும் வழி

போர்ட் கேம்பலில் சாப்பிட்டு, டீ குடித்து, ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கு மெல்பர்ன். வடக்கே காப்டன், கேம்பர்டவுன் போய் ஏ1 நெடுஞ்சாலையைப் பிடியுங்கள், அல்லது சிம்ப்சன் வழியாக கோலாக். கோலாக் வரைக்குமான கிராமச் சாலைகள் நேராக இருப்பதால் வேகம் தானாக ஏறும். அந்தி நேரத்தில் கங்காருவும் அதைவிடச் சிறிய வாலபியும் மேய இறங்குவது இங்கேதான். இருட்டத் தொடங்கியதும் 80-க்கு மேல் போகாதீர்கள். ஒன்று குறுக்கே பாய்ந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பாருங்கள். நேர்கோட்டில் பிரேக் போடுங்கள், ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். விலங்கில் மோதுவதைவிட, அதைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதுவது கொடியது.

கோலாக்கிலிருந்து ஜிலாங் வழியாக இரட்டைப் பாதை, ஓட்டம் சுலபம், அதனாலேயே கண் சொருகும். கோலாக்கில் வண்டியை நிறுத்தி ஓட்டுநரை மாற்றுங்கள். மாற்ற ஆள் இல்லையென்றால் இருக்கையைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.